பெரியபிள்ளையான மகளுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. ஈரல் நோயும் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

குளக்கட்டு அம்மா

வணக்கம். எழுதுவதா விடுவதா என்று மூன்று நாளாக யோசித்தேன். பெண்பிள்ளையின் விஷயம், ஊருக்குத் தெரிந்தால் நாளைக்கு ஒரு கதை வரும். ஆனால் இரவு ஒரு மணிக்கு எழும்பி மா கரைக்கிற வேறு அம்மாமாரும் இங்கே இருக்கிறார்கள் என்று பழைய இழைகளில் பார்த்தேன். அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

நாங்கள் முத்தையன்கட்டுப் பக்கம். மகளுக்கு 14 வயது. ஒன்றரை வயதில் வயிறு முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நின்றது. விடிய எழுப்பினால் வியர்த்து விறைத்துக் கிடப்பாள். புழு என்றார்கள், செங்கமாரி என்றார்கள், பார்வை பார்த்து நூலும் கட்டினோம். கடைசியில் கொழும்பில்தான் பெயர் சொன்னார்கள்: கிளைக்கோஜன் சேமிப்பு நோய், முதலாம் வகை, அதிலும் 'ஏ'. அந்த டொக்டர் எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார். "உங்கட பிள்ளையின்ர ஈரல் நெல்லு நிறைஞ்ச களஞ்சியம் அம்மா. திறப்புத்தான் இல்லை." சாப்பிட்டு மூன்று நான்கு மணித்தியாலம் போனால் இரத்தத்தில் சீனி விழுந்துவிடும். ஈரலுக்குள் கிடப்பது வெளியே வராது. அன்றிலிருந்து பச்சைச் சோள மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துத்தான் வளர்த்தேன். இரவில் இரண்டு தடவை எலாம் அடிக்கும். பன்னிரண்டு வருஷமாக முழு நித்திரை கொண்டதில்லை, அது பழகிவிட்டது.

பங்குனியில் பெரியபிள்ளை ஆனாள். சாமத்தியவீடு வேண்டாம் என்று நான் சொன்னேன்; இவருடைய ஆட்கள் விடவில்லை. சேலை கட்டி, நகை போட்டு, வெளிச்சச் சூட்டுக்குள் இருத்தி, மாமிமார் ஒவ்வொருவராகப் பாலறுகு வைக்க, வீடியோக்காரர் இன்னும் ஒரு தரம் என்று திருப்பித் திருப்பி எடுக்க, நேரம் போனது எனக்கே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் பிள்ளையின் மேலுதட்டில் பவுடருக்கு மேலே முத்து முத்தாக வியர்வை. திரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில் ஒளித்து வைத்திருந்த போத்தலைக் குலுக்கிக் கொடுத்தேன். "என்னடி, மணவறையில இருந்து மாக்கரைசல் குடிக்கிறாள்" என்று ஒரு மாமி சிரித்தார். சரி, அது போகட்டும்.

பிரச்சினை அதற்குப் பிறகு. முதல் தடவை 12 நாள் போனது. முதல் தரம் அப்படித்தான் என்றார்கள். அடுத்தது 10 நாள், கட்டி கட்டியாக. மூன்றாவது தடவை பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். ஹீமோகுளோபின் 6.9. இரத்தம் ஏற்றி அனுப்பினார்கள். ஈரல் கிளினிக்கில் கேட்டால் அது பெண்கள் பகுதி என்கிறார்கள். பெண்கள் பகுதியில் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஈரல் டொக்டரைக் கேட்டு வரச் சொல்கிறார்கள். இடையில் தனியார் இடமொன்றில் ஒரு குளிசை அட்டை எழுதித் தந்தார்கள். கர்ப்பத்தடைக் குளிசைதான், போக்கை நிறுத்துமாம். நோயின் பெயரைச் சொன்னேன், காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை. அட்டை அலுமாரிக்குள் இருக்கிறது. கொடுக்கலாமா?

இழைப் பொறுப்பாளர்

அம்மா, துணிந்து எழுதியதற்கு நன்றி. மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: டொக்டர், ஆஸ்பத்திரி பெயர்கள் வேண்டாம். குளிசை அளவு எழுத வேண்டாம். அனுபவத்தை எழுதுங்கள்.

நாவல்மரத்தடி

அக்கா, அந்த அட்டை அலுமாரிக்குள்ளேயே இருக்கட்டும். எறியவும் வேண்டாம், அடுத்த கிளினிக்கில் அப்படியே எடுத்துக் காட்டுங்கள்.

எனக்கும் இதே நோய், இதே 'ஏ'. வயது 33, கிளிநொச்சியில் ரீச்சர். வழமையான கர்ப்பத்தடைக் குளிசையில் ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் இருக்கும். நம்முடைய ஈரலில் அடினோமா என்ற கட்டிகள் முளைக்கிறது வழக்கம், பெரும்பாலும் பெரியபிள்ளையாகும் வயதுக்குப் பிறகு. அது புற்றுநோய் இல்லை. ஆனால் உள்ளே இரத்தம் கசியலாம், அரிதாக ஒன்று புற்றாக மாறவும் கூடும். ஈஸ்ட்ரஜன் அதற்குப் போடுகிற யூரியா. அதனால்தான் நம்மைப் போன்றவர்களுக்கு ஈஸ்ட்ரஜனைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

இரத்தம் ஏன் இப்படிப் போகிறது என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போல. எனக்கு அது 22 வயதில்தான் தெரிய வந்தது. இரத்தம் உறைய, அதில் இருக்கிற பிளேட்லெட் என்ற தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். ரிப்போர்ட்டில் தட்டு எண்ணிக்கை நன்றாகவே இருக்கும், டொக்டரும் பார்த்துவிட்டுச் சரி என்பார். எண்ணிக்கை இருக்கிறது, ஒட்டுகிற வேலைதான் நடக்கவில்லை. சீனி அடிக்கடி விழுந்து லக்டேட் என்ற அமிலம் ஏறிக் கிடக்கிற உடம்பில் தட்டுகள் சோம்பிவிடும். மகளுக்கு மூக்கால் இரத்தம் வருமா? சும்மா முட்டினாலும் கண்டுமா? வந்தால் அதையும் சொல்லுங்கள், எல்லாம் ஒரே கதைதான்.

அந்த நாட்களில் வயிறு பிரட்டும். மாவைக் கண்டாலே சத்தி வரும். ஒரு வேளை விட்டுவிடுவோம். சீனி விழும், தட்டுகள் இன்னும் சோம்பும், இரத்தம் இன்னும் போகும், களைப்பில் அடுத்த வேளையும் தவறும். நான் பள்ளிக்கூட நாளில் இப்படித்தான் ஒவ்வொரு மாதமும் சுற்றிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த ஐந்து நாளும் குளுக்கோமீட்டர் தலையணைக்குப் பக்கத்தில். மா தவறினால் எழுதி வைப்பேன். மாக் கணக்கு ஒழுங்கானதும் போக்கு பாதியாகக் குறைந்தது, வேறு மருந்து தொடங்குவதற்கு முன்பே.

வயிற்றுக்குத்துக்கு மெஃபனமிக் அசிட், இபுபுரோஃபன், அஸ்பிரின் எதுவும் கேட்காமல் கொடுக்காதீர்கள். தட்டுகளை இன்னும் கெடுக்கும், சிறுநீரகத்துக்கும் நல்லதில்லை. எனக்கு பனடோலும் சுடுதண்ணீர்ப் போத்தலும்தான்.

இரத்தத்தை நிறுத்த என்ன தருவார்கள் என்றால், ட்ரனெக்ஸாமிக் அசிட் என்ற குளிசை இருக்கிறது, சிறுநீரகம் எப்படி என்று பார்த்துவிட்டுத் தருவார்கள். ஈஸ்ட்ரஜன் இல்லாத, புரொஜெஸ்டரோன் என்ற மற்றப் பெண் ஹோர்மோன் வகை மட்டும் உள்ளவையும் இருக்கின்றன. மூன்று மாத ஊசி போடுவோம் என்றால் எலும்பைப் பற்றிக் கேளுங்கள். நமக்கு எலும்பு ஏற்கெனவே மெலிவு, அந்த ஊசி இன்னும் மெலிய வைக்கும்.

இன்னொன்று. இரும்புக் குளிசை மாதக்கணக்கில் போட்டும் ஹீமோகுளோபின் ஏறாவிட்டால் பிள்ளை ஒழுங்காகக் குடிக்கவில்லை என்று ஏசாதீர்கள். அந்த அடினோமாவே ஹெப்சிடின் என்று ஒன்றைச் சுரந்து இரும்பை உடம்புக்குள் விடாமல் மறிக்கும். ஈரல் ஸ்கான் கடைசியாக எப்போது செய்தது?

மாங்குளம் அப்பா

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கும் இதே நோய், 3 வயது. கடையில் மஞ்சள் நிறச் சோளன் மாவும் இருக்கிறது, வெள்ளையும் இருக்கிறது. எது?

நாவல்மரத்தடி

வெள்ளை, அண்ணா. கையால் நசித்தால் சுண்ணாம்புத் தூள் மாதிரிக் கிறுகிறுக்கும், கஸ்டர்ட் தடிப்பாக்கப் போடுகிற கோர்ன்ஃப்ளவர். மஞ்சள் மா முழுச் சோளனை அரைத்தது, அது வேறு. ஆறின தண்ணீரில் கரையுங்கள். சுடுதண்ணீர் பட்டால் வெந்துவிடும், பிறகு கஞ்சி மாதிரிக் கெதியாகச் சமித்துவிடும். பச்சையாக இருந்தால்தான் மெல்ல மெல்லச் சீனி இறங்கும். இந்தப் பச்சை மா வைத்தியம் 1984இல் வந்தது. அதற்கு முன் பிள்ளைகளுக்கு இரவு முழுக்க மூக்குக் குழாய்.

செல்லாச்சி

பிள்ளைகளே, எல்லாம் படித்தேன். எனக்கு 71 வயது. அந்தக் காலத்தில் பெரியபிள்ளையானால் விடிய வெறும் வயிற்றில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், பிறகு உழுத்தங்களி. நாரி உரம் பெறும். இரத்தமும் அளவாய்ப் போகும். இந்தப் பிள்ளைக்கு அதெல்லாம் கொடுத்தீர்களா மகள்? கொடுத்துப் பாருங்கோ. இன்னொன்று சொல்கிறேன் என்று கோவிக்க வேண்டாம். பெட்டையின் துடக்குக் கணக்கையெல்லாம் இப்படிப் பொதுவில் எழுதினால் நாளைக்கு ஆர் கலியாணம் பேச வருவினம்?

குளக்கட்டு அம்மா

கொடுத்தோம் அம்மா. களி நிறையச் சர்க்கரை போட்டு மாமி கிண்டினா. அன்று பின்னேரமே பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாள்.

வவுனியா மிஸ்ஸி

அந்த மூச்சுக்குக் காரணம் இருக்கிறது. சர்க்கரை, சீனி, பழங்கள், பால், இவற்றில் உள்ள ஃபிரக்டோசும் கலக்டோசும் இந்தப் பிள்ளைகளின் ஈரலுக்குள் போய் குளுக்கோசாக வெளியே வராது. லக்டேட்டாக மாறி இரத்தத்தை அமிலமாக்கும். அமிலம் ஏறினால் மூச்சு வேகமாகும். உழுந்தில் பிழை இல்லை அம்மா, அதற்குள் போட்ட சர்க்கரையில்தான் பிழை. பாலைப்பழக் காலம், எருமைத் தயிர், பொங்கல் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. பச்சை முட்டை யாருக்குமே வேண்டாம்.

ஆனால் பிள்ளை மயங்கப் போகிறாள், கையில் குளுக்கோஸ் பவுடர் இல்லை, சீனி மட்டும்தான் இருக்கிறது என்றால் சீனியைக் கரைத்துக் கொடுங்கள். அந்த நேரத்தில் ஃபிரக்டோஸ் கணக்குப் பார்க்க வேண்டாம். நினைவில்லாவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பாலைப்பழம்

இந்த இழையை முதலில் சும்மாதான் வாசித்தேன். நாவல்மரத்தடி அக்கா "புரொஜெஸ்டரோன் வகை மட்டும் உள்ளவை" என்று எழுதிய இடத்தில் நின்றுவிட்டேன். அவருக்கு அது சரி. எனக்கு அது நஞ்சு. அதனால் என் கதையையும் எழுதுகிறேன், யாராவது பொதுவாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க.

புதுக்குடியிருப்பு. வயது 28. பதினெட்டு வயதிலிருந்து பீரியட்ஸ் வருவதற்கு ஒரு கிழமை முன்னால் வயிற்று நோ. பீரியட்ஸ் நோ எல்லோருக்கும் வருகிறதுதானே என்று எல்லாரும் சொன்னார்கள். இது அந்த நோ இல்லை. கத்திக்கொண்டு உருளுவேன், டொக்டர் வயிற்றை அமத்திப் பார்த்தால் மெத்தென்று இருக்கும். அதனால் நடிக்கிறேன் என்றார்கள். இதயம் படபடவென்று அடிக்கும், மூன்று நான்கு நாள் மலம் போகாது, நித்திரை இல்லை. ஒருமுறை அப்பென்டிக்ஸ் என்று வெட்டி எடுத்தார்கள். வெட்டிய அப்பென்டிக்ஸ் நல்லாகத்தான் இருந்ததாம்.

பிறகு ஒரு வைகாசி. வற்றாப்பளைப் பொங்கலுக்கு நேர்த்தி. திகதி பார்த்தால் சரியாக அந்த நாளில் வரப்போகிறது. ஊரில் எல்லோரும் செய்கிற மாதிரி பார்மசியில் தள்ளிப்போடுகிற குளிசை வாங்கிப் போட்டேன். விரதமும் இருந்தேன், இரண்டு நாள் தண்ணீரும் இளநீரும்தான். மூன்றாம் நாள் கோயில் மணலில் விழுந்தேன். நோ மட்டுமில்லை, கை தூக்க முடியவில்லை, சீப்புப் பிடிக்க முடியவில்லை. பொங்கல் முடிந்து மூன்று கிழமை வார்ட்டில்.

நோயைக் கண்டுபிடித்தது ஒரு சின்னப் பெடியன் டொக்டர். சலப் பரிசோதனைக்கு எடுத்த போத்தல் யன்னலில் மறந்துபோய்க் கிடந்திருக்கிறது. காலையில் வைத்தபோது சாதாரண மஞ்சள். பின்னேரம் வெயில் பட்டுப் பிளேன்டி மாதிரிக் கறுத்துவிட்டது. அவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். அடுத்த சலத்தைக் கறுத்தப் பேப்பர் சுற்றிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அக்யூட் இன்டர்மிட்டன்ட் போர்ஃபிரியா. இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருகிற ஹீம் என்ற பொருளை உடம்பு செய்கிற வழியில் ஒரு நொதி பாதி வேலைதான் செய்கிறது. பாரம்பரியம், அம்மாவுக்கும் அதே மரபணு. அம்மாவுக்கு வாழ்க்கையில் ஒரு நாளும் நோவே வந்ததில்லை! பலருக்கு அப்படியாம், மரபணு இருந்தாலும் சும்மா கிடக்கும். தாக்குவது பெரும்பாலும் பெண்களை, அதுவும் பெரியபிள்ளையான பிறகு, பீரியட்ஸுக்கு முந்தின கிழமையில். அந்தக் கிழமையில் உடம்பில் இயற்கையாகவே புரொஜெஸ்டரோன் ஏறுகிறது. நான் அதற்கு மேல் குளிசையாகவும் போட்டு, பட்டினியும் கிடந்திருக்கிறேன். பட்டினி இந்த நோய்க்குப் பிடித்த சாப்பாடு.

இப்போது மாச்சத்து ஒரு வேளையும் தவறுவதில்லை. கந்தசஷ்டி, கேதாரகௌரி இரண்டும் விட்டாச்சு. அம்மாளுக்கு விளக்கு மட்டும் வைக்கிறேன், அவ கோவிக்கிறதாகத் தெரியவில்லை. எந்தக் குளிசை எழுதினாலும் போர்ஃபிரியாவுக்குப் பாதுகாப்பானதா என்று பட்டியலில் பார்க்கச் சொல்லிக் கேட்கிறேன். சில வலிப்பு மருந்து, சில அன்டிபயோட்டிக் கூட ஆகாது.

நாவல்மரத்தடி

தங்கச்சி, நல்ல வேளை எழுதினீர்கள். நான் எழுதியது கிளைக்கோஜன் ஒன்று 'ஏ' உள்ளவர்களுக்கு மட்டும். மேலே திருத்த முடியவில்லை, இங்கேயே பதிகிறேன்.

வவுனியா மிஸ்ஸி

இதைத்தான் நான் வார்ட்டில் கத்திக் கத்திச் சொல்வேன். பெண்கள் ஒருவர் குளிசையை ஒருவர் மாற்றிப் போடுகிறார்கள், "எனக்கு நின்றது, உனக்கும் நிற்கும்" என்று. சாதாரண ஆளுக்கே பிழை. பரம்பரை வளர்சிதைமாற்ற நோய் உள்ளவருக்கு நோயின் பெயர் தெரியாமல் பெண்கள் மருந்து எதுவும் எழுத முடியாது.

வில்சன் நோயை எடுங்கள். உடம்பில் செம்பு தேங்குகிற நோய். ஈரல், மூளை, கருவிழி ஓரத்தில் ஒரு மண்ணிற வளையம், இதெல்லாம் புத்தகத்தில் வரும். பீரியட்ஸ் நின்று போவதும் திரும்பத் திரும்பக் கரு கலைவதும் அதில் சேரும் என்று சொல்லிக் கேட்பது குறைவு. மருந்து ஒழுங்காக எடுத்தால் பிள்ளை தங்கும். பிறகு கர்ப்பம் என்றதும் பயந்து மருந்தை நிற்பாட்டுகிறார்கள், அது பெரிய ஆபத்து. அளவை மாற்றுவதும் தொடர்வதும் டொக்டரோடு கதைத்துச் செய்ய வேண்டியது. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு லூப் என்றால் செம்புக் கம்பி சுற்றிய லூப் அவர்களுக்கு வேண்டாம். செம்புக் குடத்துத் தண்ணீரும் வேண்டாம். நண்டு, கணவாய் விஷயத்தில் முல்லைத்தீவுக்காரரோடு சண்டை பிடிக்கிறது என் வேலை இல்லை, ஆனாலும் அதிலும் செம்பு இருக்கிறது.

குளக்கட்டு அம்மா, ஒரு எச்சரிக்கை. உங்களுக்கு அடுத்து ஸ்கானுக்குத் துண்டு தருவார்கள். அதில் "வெறும் வயிற்றோடு வரவும்" என்று அச்சடித்தே இருக்கும். எல்லோருக்கும் ஒரே துண்டுதான். மகளை அப்படிக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் பத்து மணி வரை இருத்தாதீர்கள். முதல் ஆளாக எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், எத்தனை மணிக்குக் கடைசி மா என்று டொக்டரிடம் எழுதி வாங்குங்கள். மயக்க மருந்து கொடுத்துச் செய்கிற எதுவாக இருந்தாலும் வெறும் வயிறு தொடங்கும்போதே சேலைன் வழியாக டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்தான்) ஓட வேண்டும். ஈரல் டொக்டரிடம் ஒரு அவசரக் கடிதம் கேட்டு வாங்கி, பிளாஸ்ரிக் உறையில் போட்டுப் பள்ளிக்கூடப் பையில் வையுங்கள்: நோயின் பெயர், எத்தனை மணித்தியாலம் தாங்குவாள், வந்தவுடன் என்ன ஏற்ற வேண்டும். இரவில் கடமையில் இருக்கிற டொக்டர் இந்த நோயை முன்பின் பார்த்திருக்க மாட்டார். கடிதம் இருந்தால் எங்களுக்கும் வேலை சுலபம்.

பேட் கணக்கு எழுதுங்கள். ஒரு மணி, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒரு பேட் நனைந்தால், பத்து ரூபாய்க் குத்தியை விடப் பெரிய கட்டி போனால், ஏழு நாளுக்கு மேல் போனால் அது அதிகம். "நிறையப் போகுது" என்று வாயால் சொன்னால் எழுத மாட்டார்கள். கணக்கைக் காட்டினால் எழுதுவார்கள்.

செல்லாச்சி

மிஸ்ஸி பிள்ளை, ஒன்று கேட்கட்டா. என் பெரியம்மாவின் மகள் ஒருத்தி. சின்னதிலிருந்தே மீன், இறைச்சி வாயில் வைக்க மாட்டாள். சைவப்பழம் என்று பகிடி பண்ணுவோம். முதல் பிள்ளை நல்லபடி பிறந்தது. ஆறாம் நாள் சத்தி, பிறகு ஆளைத் தெரியவில்லை, கண்டபடி கதைத்தாள். பத்தியக் கறி கட்டாயம் என்று மீனும் முட்டையும் தீத்தினார்கள். பேய் என்று உடுக்கடித்தார்கள். பதினோராம் நாள் போய்விட்டாள். 1974. நீங்கள் எழுதுவதையெல்லாம் வாசிக்க எனக்கு அவளின் முகம்தான் வருகிறது.

வவுனியா மிஸ்ஸி

அம்மா, 50 வருஷத்துக்குப் பிறகு இன்னது என்று சொல்ல ஏலாது. பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலும் அப்படிச் செய்யும், வேறு பலதும் செய்யும். ஆனால் நீங்கள் சொல்கிற மாதிரியே வருகிற ஒரு நோய் உண்மையில் இருக்கிறது. யூரியா சுழற்சிக் குறைபாடு. புரதத்தில் இருந்து வருகிற அமோனியாவை ஈரல் கழிக்க மாட்டாது. லேசாக உள்ள பெண்கள் தாங்களாகவே மீன், இறைச்சியை வெறுத்து ஒதுக்கிவிட்டு ஒன்றும் தெரியாமல் வாழ்ந்துவிடுவார்கள். பிள்ளை பிறந்த பிறகு கர்ப்பப்பை சுருங்கும்போது அதன் தசைப் புரதம் உடைந்து இரத்தத்தில் சேர்கிறது. பிறந்து மூன்றாம் நாளிலிருந்து இரண்டு கிழமை வரை அமோனியா ஏறி மூளையைக் குழப்பும். எது ஆகாது என்று அவர்களின் உடம்புக்கே தெரிந்திருக்கிறது. இன்றைக்கு அப்படி ஒரு தாய் வந்தால் அமோனியா பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

செல்லாச்சி

பத்தியம் என்று நாங்களே தீத்தினோம்.

பனிநாட்டுக்காரி

டொரோண்டோவில் இருந்து. சொந்த இடம் விசுவமடு. மேலே எல்லாரும் அதிகமாகப் போவதைப் பற்றி எழுதுகிறீர்கள். என் தங்கைக்கு வரவே இல்லை.

அவளுக்குக் கலக்டோசீமியா. பால் குடித்தால் நஞ்சாகிற நோய், தாய்ப்பாலும்தான். இங்கே பிறந்ததால் குதிக்கால் இரத்தத்தில் முதல் கிழமையே பிடித்தார்கள். இலங்கையில் குதிக்காலில் எடுக்கிறது பெரும்பாலும் பிறவித் தைரொயிட் குறைபாட்டுக்குத்தான் என்று மிஸ்ஸிக்குத் தெரிந்திருக்கும். பால் ஒரு சொட்டுக் கூடக் கொடுக்காமல் அம்மா வளர்த்தா. பாலில்லாத பாயசம், தேங்காய்ப்பால் ஐஸ்கிரீம். அவ்வளவு கவனமாக இருந்தும் 15 வயதில் பெரியபிள்ளையாகவில்லை. அம்மா இன்னும் தன்னில்தான் பிழை என்று நினைக்கிறா. உண்மை என்னவென்றால் சாப்பாட்டுக் கட்டுப்பாடு ஈரலையும் கண்ணையும் காக்கும், சூலகத்தைக் காக்காது. இந்த நோயுள்ள பெண்களில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் சூலகம் வேளைக்கே களைத்துவிடுகிறது.

அவளுக்கு ஈஸ்ட்ரஜன் கொடுத்துத்தான் பெரியபிள்ளையாக்கினார்கள், முதலில் மிகக் கொஞ்சமாக, பிறகு கூட்டி. எலும்புக்கும் அது வேண்டும். நாவல்மரத்தடி அக்காவுக்கு ஆகாத அதே ஈஸ்ட்ரஜன்! அதை வாசித்துத்தான் எழுத வந்தேன். பிள்ளை கிடைக்காது என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது, தானாகவே கர்ப்பமானவர்களும் இருக்கிறார்கள். அதனால் "உனக்கு வேண்டாம்" என்று கர்ப்பத்தடையைப் பற்றிச் சொல்லிக்கொடுக்காமல் விடுவதும் பிழை.

இன்னொரு சின்ன விஷயம், தங்கை எனக்குச் சொன்னது. குளக்கட்டு அம்மாவின் மகளுக்கு இருக்கிற நோயில் ஈரலில் ஒரு நொதி வேலை செய்யவில்லை என்று 1952இல் கண்டுபிடித்தது கெர்ட்டி கோரியும் அவருடைய கணவர் கார்லும். பரம்பரை நோய் ஒன்றுக்கு இன்ன நொதி இல்லாததுதான் காரணம் என்று முதன்முதலாகக் காட்டியவற்றில் அதுவும் ஒன்று. ஒரு பெண் போட்ட பாதை. அப்படியிருந்தும் இந்த நோயுள்ள பெட்டைகளின் பீரியட்ஸ் இன்றைக்கும் எந்த வார்ட்டுக்கு என்று தெரியாமல் நிற்கிறது.

மாங்குளம் அப்பா

செல்லாச்சியம்மா கேட்ட கேள்வியை எல்லோரும் கடந்து போய்விட்டீர்கள். கலியாணம். சொல்வதா, மறைப்பதா?

நாவல்மரத்தடி

நான் சொன்னேன். பெண் பார்க்க வந்த அன்றே பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் மாப் போத்தலை வைத்து. அவர்கள் போய்விட்டார்கள். அடுத்து வந்தவர்களும் போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்தவர் போத்தலை எடுத்து, "இதைக் குலுக்கிக் குடிக்கிறதா, அப்படியேயா?" என்று கேட்டார். இப்போது பிள்ளைக்கு நான்கு வயது.

மறைத்திருந்தால் இரவு இரண்டு மணிக்கு யார் என்னை எழுப்புவது? ஒரு நாள் எலாம் கேட்காவிட்டால் விடிய எழும்ப மாட்டேன். அதை அறியாத ஆளோடு ஒரே அறையில் படுக்க எனக்குப் பயம்.

கர்ப்பம் சுலபம் என்று சொல்ல மாட்டேன். முயல்வதற்கு முன்னாலேயே யூரிக் அசிட் குளிசையையும் சிறுநீரகத்துக்குத் தந்த பிரஷர் குளிசையையும் நிற்பாட்டினார்கள், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. மாதம் ஏற ஏற மாவும் ஏறியது, கடைசியில் இரவில் மூன்று தடவை. ஈரலை அடிக்கடி ஸ்கான் செய்தார்கள், கட்டி வளருகிறதா என்று. பிரசவ நோ தொடங்கியதிலிருந்து கையில் டெக்ஸ்ட்ரோஸ் ஓடியது. ஈரல் டொக்டரும் பிரசவ டொக்டரும் ஒரே கொப்பியில் எழுதினார்கள், அதுதான் என்னைக் காப்பாற்றியது.

அண்ணா, அக்கா, இன்னொன்றும். இது தாயிடம் ஒன்று, தகப்பனிடம் ஒன்று என்று இரண்டு பிழையான பிரதி சேர்ந்தால் வருகிற நோய். என் பிள்ளைக்கு என்னிடமிருந்து ஒரு பிரதி கட்டாயம் போகும். அவரிடமும் ஒன்று இருந்தால்தான் நோய். அதனால்தான் வீட்டில் பேசிய மச்சானை நான் வேண்டாம் என்றேன். நல்ல மனுஷன் அவர், பாவம், காரணம் சொல்லித்தான் மறுத்தேன்.

குளக்கட்டு அம்மா

நானும் இவரும் மச்சான் மச்சாள்தான். இடம்பெயர்ந்த காலத்தில் தெரியாத இடத்தில் கொடுப்பதை விடச் சொந்தத்தில் கொடுப்பம் என்று செய்து வைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு என்று கொழும்பில் சொன்னபோது நான் இரண்டாவதைச் சுமந்துகொண்டிருந்தேன். அவனுக்கு இல்லை, கடவுளே என்று.

இப்போது இவருடைய தங்கையின் மகனுக்கு எங்கள் மகளைச் சின்னதிலிருந்தே சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். இந்த இழையை இவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. இரவு ஒரு மணி எலாமுக்கு இவர்தான் எழும்பினார்.

செல்லாச்சி

முதல் நான் எழுதியதை எடுத்துவிடச் சொல்லலாமா பொறுப்பாளர் தம்பி? இல்லை, கிடக்கட்டும். மகள், கணக்கை எழுதுங்கோ.

குளக்கட்டு அம்மா (ஐந்து கிழமைக்குப் பிறகு)

கேட்டவர்களுக்காக. ஒரு பழைய கணக்குக் கொப்பியில் மகளே கோடு போட்டு வைத்திருக்கிறாள்: திகதி, பேட் எத்தனை, கட்டி, மா எடுத்த நேரம், சீனி. மூன்றாம் நாளுக்கு நேரே 11 பேட், பக்கத்தில் மா இரண்டு வேளை தவறியது என்று அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது. "அம்மா, சத்தி வரும் என்று நான் கொட்டிவிட்டேன்" என்றாள். எனக்குத் தெரியாது. நான் கரைத்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

கொப்பியையும் குளிசை அட்டையையும் கொண்டுபோனேன். பெண்கள் டொக்டர் (இது வேறு ஆள்) இரண்டு பக்கம் புரட்டிவிட்டு எங்களுக்கு முன்னாலேயே ஈரல் டொக்டருக்குப் போன் எடுத்தார். பத்து நிமிஷம் கதைத்தார்கள். அட்டையை அவரே வாங்கி வைத்துவிட்டார். தட்டு எப்படி ஒட்டுகிறது என்று பார்க்க ஒரு சோதனைக்கு எழுதியிருக்கிறார். அந்த ஐந்து நாளும் மாவைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கொடுக்கச் சொன்னார்கள், அது வயிற்றில் தங்குகிறது. போக்குக்கு ஈஸ்ட்ரஜன் இல்லாத குளிசை ஒன்று தொடங்கியிருக்கிறது. இந்த மாதம் 8 நாள். ஹீமோகுளோபின் 9.1.

ஸ்கான் துண்டில் மிஸ்ஸி சொன்ன மாதிரியே "வெறும் வயிற்றோடு" என்று அச்சடித்திருந்தது. அதை வெட்டி, மேலே சிவப்புப் பேனையால் "காலை 5 மணிக்கு மா, முதல் ஆள்" என்று எழுதித் தந்தார்கள். 17ஆம் திகதி. அவசரக் கடிதம் பள்ளிக்கூடப் பைக்குள் போய்விட்டது. வகுப்பு ரீச்சருக்கும் ஒரு பிரதி கொடுத்தேன்.